வேங்கைக் குவளையின் நற்பெயர்

வேங்கை மரத்தில் கதவு நிலை செய்து வைத்தால் கரையான் கிட்டே வராது, ஐயா. உங்கள் ஸ்டேஷன் நிலைக்கு எவனோ மட்டமான மரத்தைத் தலையில் கட்டியிருக்கிறான். மரத்தில் ஏமாற்றுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

என் பட்டறையில் வேங்கையின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை மட்டும்தான் குவளையாகக் கடைவோம். தண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் வைத்தால் தேன் நிறமாகிவிடும். அதைக் குடித்தால் சர்க்கரை நோய் போகும் என்று வாசலில் பலகை வைத்திருந்தேன். கீழே, 'என் மச்சானே சாட்சி.'

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடைசல் வேலை அவனுடையது. பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். என் மனம் நோகக்கூடாதென்று குவளைத் தண்ணீரும் குடித்தான். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே, "தண்ணி குடிக்கிறேன் மாமா. ஆனா நான் உயிரோட இருக்கிறது ஊசியாலதான்" என்று சொல்லிவிட்டான். வந்தவர் கையிலெடுத்த குவளையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். மரத்துக்குச் சேரவேண்டிய பேர் ஒரு கண்ணாடிக் குப்பிக்குப் போகிறதே. எது குணமாக்குகிறது என்று நேர்மையாகப் பார்த்துவிடலாமென்று, ஃபிரிட்ஜிலிருந்த அவன் குப்பிகளில் மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீரை ஏற்றினேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். சுத்தத்தில் நான் குறை வைப்பதில்லை.

அவன் வேளை தவறாமல் போட்டுக்கொண்டான். நாலே நாளில் துரும்பாக இளைத்தான். நாக்கு வறண்டு ஓயாமல் தண்ணீர் கேட்டான்; குவளையிலேயே கொடுத்தேன். அவன் ஆசையாகக் குடிப்பதைப் பார்த்து மூன்று பேர் வாங்கிப் போனார்கள். "அவன் முகமே சரியில்லைங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பாதியில் விட்டால் சோதனை எதற்கு? இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். ஆறாம் நாள் கடைசல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டான். அழுதேன், ஐயா. பொய்யாக அழவில்லை.

கொன்றது நான்தான் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் மட்டும் பழி வரவேண்டாம். அவன் குடித்த குவளை கொஞ்சம் பழசு.

அப்புறம், மணி ஒன்றாகப் போகிறது. எனக்கும் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாக வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில், அவன் குப்பிகளிலிருந்து எடுத்தது தனியாக இருக்கிறது, யாரையாவது அனுப்பி வாங்கிக் கொடுங்கள். நல்ல மருந்து, வீணாக்க மனம் வரவில்லை.