டிக்கெட்டின் பின்னால் எழுதாமல் விட்டது

ஒட்டுக் கேட்டவள் வாய் திறக்கலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலேசியாவில், மலையூரான ரிங்லெட்டிலிருந்து தாப்பா நகருக்கு இறங்கும் பஸ்ஸில் என் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதி.

“நாளைக்கு நெஞ்சுல அடைப்பு எடுக்கறப்ப எனக்கு ஆபத்து கம்மிதான்லா. டாக்டர் கேள்வி கேட்டு, கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துச் சொன்னாரு” என்றார் கணவர்.

“என்னா கேட்டாரு?”

“ரத்த வாந்தி எடுத்தீங்களா, சும்மா இருக்கறப்ப நெஞ்சு வலிக்குதா, ஸ்கேன் ஊசி ஒத்துக்காமப் போச்சான்னு. எல்லாத்துக்கும் இல்லன்னேன்.”

“ஐயோ! தீபாவளிக்கு ரத்த வாந்தி எடுத்தது பக்கத்து வீட்டுக்காரனா? அந்த ஸ்கேன் ஊசி போட்டு மூஞ்சி பலூன் மாதிரி வீங்குச்சே! ராத்திரி படுத்திருக்கறப்பவே நெஞ்சு வலிக்குதுன்னு என்னை எழுப்புவீங்களே!”

“தோட்டத்து செக்கப்புல ஏதாச்சும் நோய் இருக்குன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. எல்லாம் ஓகேன்னே சொல்லிப் பழகிருச்சு.”

“இவரு தோட்டத்த நடத்துற துரை இல்லைங்க, டாக்டரு! உங்க பொய்ய வச்சுக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அது. நாளைக்கு நானே சொல்லிருவேன்.”

அந்த அம்மா டிக்கெட்டின் பின்னால் எழுதத் தொடங்கினார். சீட் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன்: ரத்த வாந்தி, நெஞ்சு வலி.

“போதும்லா, தாப்பா வந்துருச்சு” என்று கணவர் எழுந்தார்.

ஊசி ஒத்துக்கொள்ளாததை எழுதாமலேயே இருவரும் இறங்கிவிட்டார்கள். அடைப்பு எடுக்கும்போதும் அதே மாதிரி மருந்தைத்தான் செலுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அறிமுகமில்லாதவர்களிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்களேன்.