துடைப்பத் தாளத்துக்கு ஒரு ஜோடி

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே! இந்தக் கூடத்தின் கதவில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று அட்டை மாட்டியவரும் அவர்தான், சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் அதைத் தன் கையாலேயே பின்பக்கம் தெரியத் திருப்பி மாட்டியவரும் அவர்தான். அவருக்கு என் முதல் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! அண்ணன் மகளே! கடைசி வரிசையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் பரம எதிரி, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், மூங்கில் அவர்களே! ஒரு காலத்தில் தலைகீழாய் நின்று பம்பரமாய்ச் சுழன்று, இன்று முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் ஆட்டக்காரர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தொண்டை சரியில்லை. பஸ் ஓட்டிக் கத்தியதில் பாதி போயிற்று, ராப் பாடியதில் பாதி போயிற்று, மிச்சமிருந்தது இந்த வாரம் அழுததில் போயிற்று. இருந்தாலும் பேசுவேன். அங்கே போனைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பி, அதை உள்ளே வை. ஆமாம், உன்னைத்தான்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? ஒரு லிஃப்ட் மெக்கானிக்கையா? லிஃப்ட்டுக்கு வேறு மெக்கானிக் வந்துவிடுவார். நாம் இழந்திருப்பது நம் ஹிப் ஹாப் வட்டத்தின் தலைவரை! இரண்டு இசைத்தட்டுகளுக்கு நடுவே நின்று இந்த வட்டாரத்தையே ஆட்டிவைத்த டி.ஜே.வை! பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட, நம் எல்லோர் வாயிலும் ‘ரிப்பேர்’ என்றே வாழ்ந்த அன்பு அண்ணனை!

ஹிப் ஹாப் என்றால் என்னவென்று கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அண்ணன் ஒரே கதையைத்தான் சொல்வார். எங்கேயோ தொலைதூரத்துப் பெருநகரம். கையில் காசில்லாத பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு கூடம், ஒரு விருந்து, இரண்டு ரெக்கார்டு பிளேயர். “பாட்டு முழுக்க பாடகருக்குச் சொந்தம். நடுவுல அவரு மூச்சு வாங்கறப்போ மேளம் மட்டும் தனியா வரும் பாரு, அந்த இடம் நமக்குச் சொந்தம்” என்பார். அந்த இடம் வந்தால்தான் ஆடுகிறவர்களுக்குப் பித்துப் பிடிக்கும். ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். என்ன செய்வது? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கு. இதில் மேளம் முடிவதற்குள் அதில் ஆரம்பி. அதில் முடிவதற்குள் இதைப் பின்னால் சுழற்றி வை. மேளம் ஓயவே ஓயாது! அந்த மேளத்தின் மேல் ஒருவன் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தான், ராப் பிறந்தது. “அவ்வளவுதான்டா விஷயம், மீதியெல்லாம் தொப்பி” என்று கதையை முடிப்பார்.

நம் வட்டம் இந்தக் கூடத்தில் தொடங்கிய முதல் சனிக்கிழமை எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. யாரோ தூக்கிப் போட்ட இரண்டு பிளேயர்களைக் கழற்றி மாட்டி, பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்து மேசையாக்கி, அதன் மேல் அண்ணன் வாசித்தார். நான் பாடினேன். பாடினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதே உண்மை. எல்லாம் முடிந்து பார்த்தால் தரையெல்லாம் காகிதக் கோப்பை, காலடி மண். அப்போது படியிறங்கி வந்தார் அண்ணி, கையில் துடைப்பத்தோடு. “ஆடினீங்க, பாடினீங்க, சரி. குப்பைய யாரு கூட்டறது? உங்க ஹிப் ஹாப்பா?” என்று கேட்டுத் துடைப்பத்தை அண்ணன் கையில் திணித்தார்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு இசைத்தட்டு ஜோடியை எடுத்து மேளத்தைப் போட்டுவிட்டார். மேளத்துக்குத் தகுந்தாற்போல் துடைப்பத்தை இழுத்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். அன்றிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் அந்தத் துடைப்பத் தாளம் இல்லாமல் முடிந்ததில்லை. கூடத்தைப் பெருக்காமல் ஒருவனும் வீட்டுக்குப் போனதில்லை. உண்டா இல்லையா, செயலாளரே? அவரே தலையாட்டுகிறார்!

இனி அண்ணனுடைய கள்ளத்தனத்துக்கு வருகிறேன். எந்த மேளம் எந்த இசைத்தட்டில் இருக்கிறது என்பது ஒரு டி.ஜே.வுக்குக் குலதெய்வ ரகசியம். போட்டிக்காரன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துவிட்டால் மறுநாளே கடையில் அதைத் தேடி வாங்கிவிடுவான். அதனால் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவார்கள். அண்ணன் ஒரு படி மேலே போனார். உரித்த இடத்தில் வேறொரு தட்டின் லேபிளை ஒட்டினார். “குளிக்கிற தொட்டியில தட்டு ஊறுது, நான் எதுல குளிக்கிறது?” என்று அண்ணி போட்ட சத்தம் நாலு மாடிக்குக் கேட்டது.

மூங்கில்தான் முதல் பலி. அடுத்த தெரு வட்டத்தின் டி.ஜே. பனைமர உயரம், பருந்துக் கண். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டி லேபிளைப் படித்துவிட்டு, அதே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, கேட்டுக்கூடப் பார்க்காமல் ஓடி வந்து, இதே கூடத்தில் நிறைந்த சபையில் ஊசியை வைத்தார். என்ன வந்தது? “இடது கைச் சுண்டு விரலை வையுங்கள். தயாரா? தொடங்குங்கள்!” தட்டச்சுப் பயிற்சி! கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு ஆட்டக்காரன் அந்த டீச்சர் குரலுக்கும் தலைகீழாய்ச் சுற்றினான். மூங்கில் முகம் போன போக்கை நினைத்தால், இதோ, இந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னித்துக்கொள், மூங்கில்.

ஆனால் அந்தச் சிரிப்பு இந்த வாரம் எங்கள் தலையில் வந்து விடிந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி என்னைக் கூப்பிட்டார். “அந்த மனுஷன் இருந்தவரைக்கும் சத்தத்தக் குறைங்கன்னு கத்தினேன். இப்போ வீடு பூரா மௌனமா இருக்கு, தாங்க முடியல. கூட்டத்துல அந்தத் துடைப்பத் தாளத்த ஒரு தடவ போடுங்க” என்றார். அவ்வளவுதான் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

போய் அலமாரியைத் திறந்தால், அத்தனை லேபிளும் பொய்! யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாரே மனிதர்! அண்ணன் மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். குழந்தை வளர்ப்பு லேபிளில் எக்காளம் வருகிறது, எக்காளம் என்று போட்டதில் நீச்சல் பாடம் வருகிறது. “சித்தப்பா, இது கிடைக்கலைன்னா அம்மா முகத்த எப்படிப் பார்க்கறது?” என்று அவள் அழுதாள். வெளியிலோ, ‘ரிப்பேர் போயாச்சு, வட்டமும் போச்சு’ என்ற பேச்சு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன்?

துக்கம் விசாரிக்க வந்த மூங்கில் வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தார். உள்ளே வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேளம் மட்டும் தனியாக வருகிற இடத்தில் தட்டின் கோடுகள் வேறு மாதிரி மின்னும், பழகிய கண்ணுக்குத் தெரியும். இரண்டை உருவி வைத்தார். “இதுதான் ஜோடி” என்றார்.

ஊசியை வைத்தோம். முதல் தட்டில் அதே மேளம்! நான் எழுந்தே நின்றுவிட்டேன். இரண்டாவது தட்டில் வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தம்தான் வந்தது. இத்தனை வருஷம் உழைத்து முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. ஒற்றைத் தட்டில் என்ன செய்ய? துடைப்பத்தை எடுப்பதற்குள் மேளம் முடிந்துவிடும்.

மூங்கில் தன் கடைப் பையைத் திறந்தார். உள்ளே அதே தட்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் வைக்கக் கொண்டுவந்தது. புத்தம் புதிது, ஊசி படாதது.

“எப்போ வாங்கின?” என்று கேட்டேன்.

“தட்டச்சு டீச்சர் வந்தாங்களே, அடுத்த மாசமே கண்டுபிடிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏன்டா ஒரு நாளும் போடல? போட்டிருந்தா ஜெயிச்சிருப்பியே!”

“ஜெயிச்சிட்டு? சனிக்கிழமை யாரோட சண்ட போடறது?” என்றார் மூங்கில். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரியோர்களே! எதிரி என்றால் இவரல்லவா எதிரி! இப்படி ஒரு எதிரியைச் சம்பாதித்த எங்கள் அண்ணனைவிடப் பெரிய கலைஞர் யார்? ராப்பில் ஒருவரையொருவர் திட்டுகிறோமே, கேட்கிறவர்கள் காதைப் பொத்துகிறார்களே, அதற்கு அடியில் ஓடுவது இதுதான். அண்ணனுக்கு இது தெரியாமலே போய்விட்டது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும். செயலாளர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, மௌனம் வேண்டாம். அண்ணி வீட்டில் அது வேண்டிய அளவு இருக்கிறது.

மூங்கில், முன்னால் வா, பிளேயர் இரண்டும் மேசையில் தயாராக இருக்கின்றன. வலது பக்கத் தட்டு உன்னுடையது. பாப்பா, இடது பக்கம் நில்லு, அது அப்பாவுடையது. தாளம் தப்பினால் தப்பட்டும், அவருக்கும் முதல் நாள் தப்பியது, நான் பார்த்தேன். வருகிற சனிக்கிழமையும் நீங்கள் இருவரும் இங்கேதான் நிற்கப்போகிறீர்கள், நான் இங்கேதான் கத்தப்போகிறேன். துடைப்பங்கள் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாத்துங்கள்.

அண்ணி, முதல் நாள் படியிறங்கி வந்து ஒரு கேள்வி கேட்டீர்களே, அதை இன்னொரு தடவை கேளுங்கள். பதில் சொல்ல இத்தனை பேர் இருக்கிறோம்.