பாதிச் சோற்றில் எழுந்தவர்

அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவர் பக்கத்திலிருந்த உறவுக்காரரிடம் சொன்னது பின்னால் நான்கு வரிசைக்குக் கேட்டது.

"பொணம் கெடக்குது மாப்ளே, பக்கத்துலயே ஒக்காந்து எல்லாரும் கறி திங்கறாங்க."

"எங்கீங்க மாமா?"

"பெங்களூர்ல, பையன் கம்பெனி விருந்துல. ஒருத்தன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வுழுந்தான். செத்துட்டான்னாங்க. பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டேன்."

"பின்ன, சாவு வுழுந்த எடத்துல சோறு எறங்குமா?"

"அது நாடகமாம். வெசம் வச்சுக் கொன்னது யாருன்னு வந்தவங்க சீட்டுல எழுதிக் குடுக்கணுமாம்."

"பையன் முன்னாடியே சொல்லலீங்களா?"

"அவன் ஆபீசருங்ககூட வேற மேசைல இருந்தான். சீட்டையெல்லாம் எழுதினவங்க பேரோட சத்தமாப் படிச்சாங்க. சாப்புடாம எந்திரிச்ச வேட்டிக்காரர்தான் கொலகாரர்னு பாதிப் பேரு எழுதியிருந்தாங்க. ஒரே சிரிப்பு."

"வெளையாட்டுதானுங்களே மாமா, வுடுங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே பேசினார். இந்த முறை எனக்கே சரியாகக் கேட்கவில்லை, முன்னால் குனிந்துகொண்டேன்.

"எம்பையன் சீட்டையும் படிச்சாங்க மாப்ளே. 'யாரோ ஒரு வேட்டிக்காரர்'னு எழுதியிருந்தான்."