ஏழாம் அறையின் பாட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. எனக்கு நாட்டுப்புறப் பாட்டின் மேல் ஒரு வெறுப்பும் கிடையாது. கோயில் பொங்கலில் கும்மி அடித்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். கும்மி கும்மியாக இருக்கிறவரை எனக்கு அதோடு தகராறு இல்லை.

என் பெயர் சீனிவாசகம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, டெஸ்மண்ட் கார்வர் என்கிற வெள்ளைக்காரக் கிடார்க்காரரின் இசையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவன் நான் என்பது. கல்லூரி விடுதியில் ஒரு கேசட்டில் அவரைக் கேட்டேன். அந்தக் காலத்தில் அவர் கிடாரைத் தொட்டால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அறுபதைத் தாண்டியபின் தன் ராக் இசைக்குழுவை விட்டு விலகித் தனியாக ஓர் ஆல்பம் போட்டார். அதில் இரைச்சலே இல்லை. ஒரு கிடார், நடுநடுவே அவர் மூச்சு விடும் சத்தம், அவ்வளவுதான். சென்னையில் சொல்லிவைத்து அந்த சிடியை வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் கூடுவோம். பட்டாசு லேபிளுக்குப் படம் வரைகிற மாரிக்கண்ணன், அவன் கூட்டாளி விக்னேஷ்குமார், நான். நான் சொல்லித்தான் அவர்களுக்குக் கார்வரைத் தெரியும். புது ஆல்பத்தைப் போட்ட அன்றைக்கு, முடிகிறவரை மாரிக்கண்ணன் கண்ணை மூடிக் கேட்டான்.

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. இது நம்ம முருகம்மாக்கா பாட்டு மாதிரியே இருக்கு."

"எந்த முருகம்மா?"

"ஒங்க கம்பெனியில ஏழாம் ரூமுல வெடிமருந்து அடைக்கிற அக்காதான்."

விக்னேஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, வெள்ளக்காரன் நம்மூருக்கு வந்து வெடி சுத்திட்டுப் போயிருப்பாம்லே."

நான் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினேன். நாற்பது வருடம் இரைச்சலின் உச்சியில் நின்றவர், அங்கிருந்து இறங்கி இந்த அமைதிக்கு வந்திருக்கிறார். அவள் எங்கும் ஏறவே இல்லை. ஏறாதவள் இறங்கிவந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

"ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன அண்ணாச்சி? வந்து சேந்த எடம் ஒண்ணுதானே?"

அடுத்த வாரம் மாரிக்கண்ணன் ஒரு கேசட்டோடு வந்தான். தங்கச்சி வளைகாப்பில் முருகம்மாள் பாடியதைப் பதிவு செய்திருந்தான். அவளைக் கொஞ்சம், கார்வரைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கார்வர் ரசிகர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஓர் இடம் உண்டு. வருடக்கணக்காக நான் அங்கே எழுதிவருகிறேன். விக்னேஷ்குமார் அவள் பாட்டை அங்கே ஏற்றிவிட்டான். இங்கிலாந்துக்காரர் ஒருவர், என் மதிப்புக்குரியவர், இப்படி எழுதினார்: "நம் கிழவர் இத்தனை நாளாகத் தேடியது இந்தப் பெண்ணிடம் முன்பே இருந்திருக்கிறது." எல்லோரும் ஆமாம் என்றார்கள். நீ அந்த ஊர்தானே, ஏன் இவளைப் பற்றிச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்கள். நீளமாக மறுத்து எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

எங்கள் வேலை முறை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் ஐயா. மருந்து அடைக்கும் அறைகள் தள்ளித்தள்ளி இருக்கும். ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியாது. அதனால் ஓர் அறையில் ஒருத்தி பாட்டெடுப்பாள். கடைசி அடியை மற்ற அறைகளில் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு சட்டென்று நின்றால் அங்கே ஆபத்து என்று அர்த்தம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடிவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதாத பழக்கம் இது. எங்கள் கம்பெனியில் பாட்டெடுப்பவள் முருகம்மாள்.

கவனம் சிதறுகிறது என்று பாட்டை நிறுத்தினேன். பெண்கள் சின்னச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தார்கள். வேலை படுத்துவிட்டது. தீபாவளி சீசன். "பாடிட்டுப் போறாக, விடுய்யா. லோடு போகணும்" என்றார் முதலாளி. மறுபடி பாட்டு வந்தது. அதற்குப்பின் ஒரு நாள் வீட்டில் கார்வரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடார் ஓய்கிற ஒவ்வோர் இடத்திலும் அவள் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு முடிவு செய்தேன்.

கலந்த மருந்து மிஞ்சினால் அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஈரம் பட்டுக் கிடந்தால் தானாகச் சூடேறும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சனிக்கிழமை மிஞ்சியதை நான் அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. திங்கட்கிழமை காலையில் அதை ஏழாம் அறைக்குக் கொடுத்தேன். அவளோடு வேலை செய்கிற வள்ளித்தாயைத் தாள் ஒட்டும் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டேன். வள்ளித்தாய்க்குக் கைக்குழந்தை இருக்கிறது. யோசிக்காமல் எதையும் செய்கிறவன் அல்ல நான்.

கொஞ்ச நேரத்தில் முருகம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, மருந்து மூத்திர வாடை அடிக்கு. பழைய மருந்தா?"

"மழை ஈரம். அப்படித்தான் இருக்கும்."

"தொட்டா வெதுவெதுன்னு இருக்கே."

"ஒன் கை சூடா இருக்கும். போயி வேலையப் பாரு."

என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிதான். வள்ளியும் இல்ல, தனியா ஒக்காந்திருக்க என்னமோ போல இருக்கு."

"அப்பப் பாடு. மத்த ரூமுல எடுப்பாக."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி என்னையப் பாடச் சொல்றீகளா? இன்னைக்கு மூட்டம் கலைஞ்சு வெயிலடிச்சிரும்."

பாடச் சொன்னது மற்றவர்களுக்காக ஐயா. அவள் பாடினால்தான் பாட்டு நிற்பது அவர்களுக்குத் தெரியும். நான் கம்பெனி வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் வேலிக்கு ஓடினார்கள். நெருப்பு பக்கத்து அறைகளுக்குத் தாவியபோது உள்ளே ஆள் இல்லை. ஒரே ஒருத்திதான் போனாள். இதைப் பேப்பர்காரர்கள் யாரும் எழுதவில்லை.

வருத்தமா என்று கேட்டீர்கள். இல்லை. எந்தக் கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன். தெரிந்தே கொடுத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன், அவளைக் கொன்றது நான். கார்வர் வேறு, அவள் வேறு. அதில் மாற்றமில்லை.

ஒரு சின்ன உதவி. என் வீட்டைச் சோதனை போட்டு நீங்கள் எடுத்துவந்த சாமான்களில் ஒரு வாக்மேன் இருக்கிறது. கார்வர் சிடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்டு நாளாகிவிட்டது. வாக்மேனுக்குள் இருக்கிற கேசட் மட்டும் எனக்குக் கிடைத்தால் போதும். மாரிக்கண்ணனுடையது, அந்த வளைகாப்பில் பதிந்தது, அவனைக் கேட்காமல் எடுத்துவந்தேன். தினமும் தூங்கப்போகும் முன் ஒருமுறை போடுவேன்.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஐயா. வேறொன்றும் இல்லை.