வீட்டுக்காரர் தலையில் வெந்தயம்

— அண்ணி, ஓடி வாங்களேன்! வீட்டுக்காரர் தலையில முடி முளைச்சிருக்கு!

— அடியே, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா? மாசாமாசம் வாடகை வாங்க வர்ற அந்த மனுஷன் தலைதான் வழுக்கையா பளபளன்னு...

— அவர் தலை இல்ல அண்ணி. அவரை மாதிரியே நீங்க செஞ்ச மண் பொம்மைத் தலை! ஈரச் சாக்கை எடுத்தேன், பச்சைப் பசேல்னு எட்டிப் பாக்குது!

— ஐயையோ! என்னடி இது, நடு வகிடே எடுக்கலாம் போலிருக்கே! மண்ணுல என்னத்தைடி கலந்தே?

— நீங்க சொன்னதைத்தான். வெந்தயத்தை ஊற வச்சு அரைச்சுக் கலந்தா மண்ணு நல்லா பிடிச்சுக்கும்னீங்களே? மூக்கு வரைக்கும் பூசுன மண்ணுக்கு அரைச்சுத்தான் கலந்தேன் அண்ணி. அப்புறம் கரண்ட் போயிடுச்சு. தலைக்கு மட்டும் அப்படியே முழுசா...

— உனக்கு உங்க அண்ணனே தேவலைடி! சிரிக்காதே. சிரிக்காதேன்னு சொல்றேன்ல, எனக்கும் வருது! மாடித் தோட்டத்தைக் காலி பண்ணுன்னு சொன்ன மனுஷனை, 'ஒரு தடவை வந்து பாருங்க சார், குப்பை இல்ல, என் பொழைப்பே அதுலதான்'னு கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட்டிருக்கேன். உதட்டுக்கு பீட்ரூட், புருவத்துக்கு சோளக் குஞ்சம், கண்ணாடிக்கு அவரைக்கொடி. எல்லாம் நம்ம தொட்டியில விளைஞ்சது. இதைக் காட்டித்தான் மாடியைக் காப்பாத்தலாம்னு இருந்தேன்!

— அவர் முன்னாடி மொட்டை மாடின்னு சொன்னாலே முறைப்பாரே அண்ணி.

— அதான்டி! கத்திரியை எடு, ஒட்ட வெட்டிடலாம்.

— ஐயோ பாவம், இப்பத்தான் முளைச்சிருக்கு!

— யாருடி பாவம்? நாளைக்கு என் தொட்டியெல்லாம் தெருவுல நிக்கும். அப்புறம் நான் எதை வச்சுடி பொம்மை செய்வேன்?

— செருப்புச் சத்தம் அண்ணி. படியேறி வர்றார்!

— எதையாவது கவுத்துடி! அடக் கடவுளே, கீரை அலசுற ஓட்டைக் கூடையா கிடைச்சுது உனக்கு?

— ஓட்டை வழியா எட்டிப் பாக்குது அண்ணி!

— என்னம்மா, ரெண்டு பேரும் எதை மறைக்கிறீங்க? கூடையை எடுங்க.

— வாங்க சார்... அது வந்து... தெரியாம நடந்துபோச்சு சார்...

— இது... நானா?

— நீங்கதான் சார். எல்லாமே மாடியில விளைஞ்சது. தலை மட்டும்... இவதான் சார்!

— அண்ணி!

— கொஞ்சம் சும்மா இருங்கம்மா. இது இன்னும் வளருமா?

— வளரும் சார். தண்ணி தெளிச்சு, வெயில்ல வச்சா...

— மாடியில நல்ல வெயில் அடிக்குமே?

— அடிக்கும் சார். ஆனா நீங்கதான் காலி பண்ணச் சொல்லி...

— அதெல்லாம் ஒண்ணும் காலி பண்ண வேண்டாம். வீட்டுல சீப்பு இருக்காம்மா?