கடல் பக்கத்துக் கால்

இல்ல மனே, கம்பியில கைய வெக்காதீங்க. அது புதுக் கம்பி, மாத்தியாச்சு. சும்மா தட்டிப் பாருங்க. ஓம், சரியாத்தான் கேக்கிது, என்ன? இப்ப அந்த முதல் பெடல மிதிங்க. கேட்டிச்சா? ஏறி ஏறிப் போய், கடைசியில எட்டாம நிண்டுரிது. ஒங்களுக்கும் கேக்கிதுதானே? அல்ஹம்துலில்லாஹ், என்ட காதுதான் பழுதாப் போச்சோ எண்டு நினைச்சன்.

அதுக்கென்ன முஹ்ஸின் தம்பி, அக்கரைப்பற்றுல ஒங்கட கிற்றார் திருத்துற கடைக்கு இப்பிடிச் சாமான் வந்திரிக்காதுதான். பெடல் ஸ்டீல் கிற்றார் எண்டு சொல்ற. மேசை மாதிரி நாலு காலுல நிக்கிம். கீழ மிதிச்சா உள்ளுக்கு கம்பிய இழுத்து சுருதிய ஏத்தும். கட்டாருல எங்கட ஹோட்டல்ல வாசிச்ச பிலிப்பைன்காரன் ஊருக்குப் போகக்குள்ள என்ட தலையில கட்டிட்டுப் போனான்.

எண்ணெயும் போட்டாச்சு மனே. ஆணிய முறுக்கினா அண்டைக்குச் சரி வரும். மறுகா வந்து பாத்தா எறங்கிரிக்கும். உப்புக் காத்து எண்டன். புழுக்கம் எண்டன். பாவம், எலிக்கும் ஏசினன்.

குனியாதீங்க, பிளேன்ட்டி ஆறுது, குடிங்க முதல்ல. சரி... கண்டிட்டீங்க. ஓம், பெடல் நிலத்துல முட்டுது. முழுசா மிதிபட இடமில்ல, அதான் சுருதி எட்டுதில்ல.

சுவரோரத்துக் காலுக்கடியில இரிக்கிறதா? அது ரீவி வந்த பெட்டி. மட்டையாக் கிழிச்சு அந்தக் காலுக்கு வெச்சன். சரி வந்திச்சு. பிறகு திரும்பவும் முட்டிச்சு, இன்னொண்டு வெச்சன். இப்ப எவ்வளவு அடுக்கியிரிக்கன் எண்டு நீங்களே பாருங்க.

கால் குறுகல்ல மனே. இரும்புக் கால் குறுகுமா? பெடல் இரிக்கிற இடம் அப்பிடியே நிக்கிது, சுவரோரம்தான் நிலம் தாழுது. சுவருக்கு அங்கால என்ன இரிக்கி? முன்ன தென்னந்தோப்பத் தாண்டினாத்தான் கடல். இப்ப தோப்பும் இல்ல, மதிலும் இல்ல. வீட்டுக்கு அடி மண்ண கடல் இழுத்துக்கொண்டு போகுது.

தெரியும். தெரிஞ்சிகொண்டுதான் கம்பி மாத்தினன். கிற்றார் பழுதெண்டா ஒங்களக் கூப்பிடலாம். இதுக்கு ஆரக் கூப்பிடுற? பயமா இரிக்கி மனே.

மெல்லக் கதைங்க. மகள் றிபா பக்கத்து அறையில படுத்திரிக்கா. இது அவட சீதன வீடு, நான் கட்டாருல கெடந்து கட்டிக் குடுத்தது. மருமகன் இப்ப அங்கதான். இவ மாசமா இரிக்கா. கேட்டா கிற்றார்ல பழுதெண்டே சொல்லுங்க, என்ன?

மிச்ச மட்டையா? முடிஞ்சிது. காலையில அவ குளிக்கப் போன நேரம் அவட கட்டில் காலுக்கு வெச்சிட்டன். இந்தக் கடல் பக்கத்துச் சுவரோரத்துக் காலுக்கு. கட்டில் ஆடுது வாப்பா எண்டு சொன்னா.