செட்டையில் கட்டிய விண்

ரெஜிபோமுக்குக் கண்ட பசையையும் பூச முடியாது, ஐயா. மீன் பெட்டி செய்கிற அந்த வெள்ளைச் சாமானைத்தான் சொல்கிறேன். நான் முல்லைத்தீவுக் கரையில் ஃபைபர் படகு திருத்துகிறவன். படகுக்குப் பூசுகிற ரெசினை ஒரு சொட்டு அதில் விட்டால் சீனி போலக் கரைந்து குழி விழும். மரத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி. காய ஒரு நாள் வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு.

நீங்கள் பொலிஸ் மேசையில் வைத்திருக்கிற, ரிமோட்டில் பறக்கிற இந்த ரெஜிபோம் விளையாட்டுப் பிளேனைச் சுவிஸிலிருந்து கொண்டுவந்தவர் திலீபன் அண்ணை, செத்துப்போன நேசமலர் அம்மாவின் மகன். பதினேழு வயதில் போனவர், பதினெட்டு வருடம் கழித்து லீவில் வந்தார்.

அம்மா என்னைப் பெறவில்லை. 2009இல் வவுனியா முகாமில் அவருடைய கூடாரத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்த பதினொரு வயதுப் பிள்ளை நான். என் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. "நீ என்னோட வா மகன்" என்றார். தன் ஊரான வற்றாப்பளைக்குத் திரும்பியபோது என்னையும் கூட்டி வந்தார். அன்று தொடக்கம் பதினாறு வருடம், அந்த வீட்டில் 'மகன்' என்று கூப்பிட்டால் எழும்பிப் போகிறவன் நான் ஒருவன்தான்.

திலீபன் அண்ணை வந்த மறுநாள் அம்மா குசினியில் நின்று "மகன், சாப்பிட வா" என்றார். இரண்டு பேரும் எழும்பினோம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ இரு சதீஸ், அவனைத்தான் கூப்பிட்டனான்." அதற்குப் பிறகு நான் சதீஸ். எனக்கு வைக்கிற மீன் தலையும் அண்ணையின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. சின்ன விஷயம் என்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

பிளேன் முதல் நாளே, வெட்டு முடிந்த வயலில் மூக்குக் குத்தி விழுந்து, செட்டை, அதாவது இறக்கை, இரண்டாக முறிந்தது. அண்ணை எறியப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். ரெஜிபோமுக்கு எலும்பு இல்லை, நாங்கள்தான் வைக்க வேண்டும். செட்டையின் அடியில் பிளேடால் நீளத்துக்கு வெட்டி, முறிந்த தூண்டில் தடியின் நுனியை உள்ளே பதித்துப் பசை விட்டேன். மேலே நார் ஓடின டேப் ஒட்டினேன். பிறகு எத்தனை தரம் விழுந்தும் அது முறியவில்லை. பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்கா பார்க்க வந்தபோது அம்மா, "மகன் திருத்தின பிளேன்" என்றார். சொல்லும்போது அவருடைய கை ரிமோட் வைத்திருந்தவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணையும் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் வானத்தில் எதையும் சும்மா விட முடியாது, ஐயா. இந்தப் பிளேன் மோட்டாரின் இரைச்சல் வண்டின் இரைச்சல். யுத்த காலத்தில் ஆளில்லாமல் வந்து வேவு பார்த்த விமானத்தை வண்டு என்போம். வண்டு சுற்றிப் போனால் பின்னால் கிபிர் விமானம் ஊளையிட்டபடி குண்டு போடக் குத்திக்கொண்டு இறங்கும். அதனால் பிளேன் விட முதல் ஒருவர் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது. "அம்மா, விடப்போறம்" என்பேன். "ஓம், சொல்லிப்போட்டு விட்டால் எனக்குப் பயமில்லை" என்பார்.

ஒரு நாள் டேப்பின் ஓரம் கிளம்பியிருந்தது. பிளேன் குத்தி இறங்கியபோது காற்று அதில் பட்டு ஊளையிட்டது. முன்னரே சொல்லியிருந்தும் அம்மா குசினி மேசைக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்துவிட்டார். நான்தான் தூக்கி இருத்தினேன். ஒரு மணித்தியாலம் என் கையை விடவில்லை. "போயிடாத மகன்" என்றார். டேப்பை மறுநாளே ஒழுங்காக ஒட்டிவிட்டேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தை மறக்கவில்லை.

ஆவணியில் அம்மாவுக்குச் சுவிஸ் விசா வந்தது. "வீட்டைச் சதீஸ் பாத்துக்கொள்ளுவான்" என்றார் அண்ணை. அம்மா கறித்தூள் வறுத்துப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் "ஓம், அவன் கெட்டிக்காரன்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். விளையாட்டுப் பிளேனுக்கே மேசைக்குக் கீழே போகிறவர், அசல் பிளேனில் எப்படி ஏறுவார்? அந்தப் பயத்தை ஒருக்கால் நினைவூட்டினால் போதும், பயணத்தைத் தானே விட்டுவிடுவார். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை.

பட்டத்துக்கு விண் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பொதி கட்டுகிற நைலோன் பட்டியை வில்லில் இழுத்துக் கட்டினால் காற்றில் கூவும். அப்படி ஒரு சாண் பட்டியைச் செட்டையின் அடியில், இரண்டு மூங்கில் சிம்புகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டினேன். மெல்லப் பறந்தால் சத்தமில்லை. குத்தி இறங்கினால் மட்டும் கூவும். செட்டையை மோட்டார் சைக்கிளின் முன்னால் கட்டிக் கடற்கரை நீளத்துக்கு ஓடிப் பார்த்தேன். இரண்டு தரம் பட்டியை மாற்றினேன். மூன்றாம் தரம் நானே மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு மணலில் குப்புறப் படுத்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அண்ணை கேட்டபோது, செட்டை வளையாமல் இருக்கக் கட்டியது என்றேன். நம்பினார்.

புதன்கிழமை பின்னேரம். "அம்மாட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, சொல்லிட்டன்" என்றேன். மற்ற எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தேன். வீட்டுப் பக்க வரம்பில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒருக்கா வீட்டுக்கு மேலால குத்தி எடுங்கோ அண்ணை, வீடியோவுக்கு வடிவாயிருக்கும்" என்றேன். குத்தினார். விண் நன்றாகக் கூவியது.

அம்மா மேசைக்குக் கீழே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் கணக்கில் அது ஒன்றுதான் பிழை. வெறுங்காலோடு வயலுக்குள் ஓடி வந்தார். "படு திலீபன், படு" என்று கத்திக்கொண்டே ஓடினார். வாய்க்கால் துருசடியில் கால் இடறி, மதகின் சீமெந்துக் கட்டோடு தலை அடித்தது. மூன்றாம் நாள் அம்மா செத்துப்போனார்.

அண்ணைதான் கொள்ளி வைத்தார். நான் ஆட்களோடு ஆளாக நின்றேன். "என்ர அம்மாவை நான்தான் கொன்றுபோட்டன்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி அழுகிறார். ஊரே அவரைக் கட்டிப்பிடித்து அழுகிறது. நீங்களும் விபத்து என்று எழுதி, அதில் அவருடைய பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அது நான் செய்த வேலை, ஐயா. செட்டையைத் திருப்பிப் பாருங்கள், பட்டி இருக்கிறது. முடிச்சு படகுக்காரன் முடிச்சு. அம்மாவைக் கொன்றது சதீஸ் என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் எழுதுங்கள். ஓடும்போது அம்மா என்னைத் தாண்டித்தான் ஓடினார். கை நீட்டினால் தொடுகிற தூரம். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையிடம்தான் தாய் ஓடுவாள் என்று ஊரார் இதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படியில்லை, ஐயா. திலீபன் அண்ணை விருந்தாளி, பாவம், பதினெட்டு வருடத்தில் குண்டுக்குப் படுக்கிற பழக்கம் விட்டுப்போனவர். எனக்குப் படுக்கத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையைப் பற்றித்தான் ஒரு தாய் அவ்வளவு நம்பிக்கையாக இருப்பாள்.